ஈஜிஆர் வால்வைத் தகடு வைத்து அடைத்துவிடலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 1.5 லிட்டர் டர்போ டீசல் கார். 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆறு மாதமாக 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே பிக்கப் மந்தம். அழுத்திக் கிளப்பினால் பின்னால் கரும்புகை. செக் இன்ஜின் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்கிறது. ஸ்கேனரில் பி0401 என்று வந்தது. மெக்கானிக் ஈஜிஆர் வால்வைக் (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு) கழற்றிச் சுத்தம் செய்தார்; நான்கே மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. இப்போது, "டர்போ வண்டிக்கு இது தேவையே இல்ல சார், தகடு வெச்சு அடைச்சுட்டு ஈசியுவிலும் (இன்ஜினை நடத்தும் கணினி) ஆஃப் பண்ணிடலாம், பவரும் கூடும், மைலேஜும் கூடும்" என்கிறார். டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கும் என் நண்பர் ஒரு வருடத்துக்கு முன்பே அடைத்துவிட்டார். ஒரு பிரச்சினையும் இல்லை என்கிறார். அலுவலகம் ஆறு கிலோமீட்டர் தூரம். தினமும் காரில்தான் போய் வருகிறேன். அடைத்துவிடலாமா? மற்றபடி இன்ஜின் சூடாகும் தொந்தரவு எதுவும் இல்லை. டெம்பரேச்சர் முள் எப்போதும் பாதிக்குக் கீழேதான் நிற்கிறது.

பதில்: வணக்கம். அடைக்க வேண்டாம். மெக்கானிக் தகடு வெட்டக் கொடுத்திருந்தால், இன்றே போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் மூன்று தடயங்கள் இருக்கின்றன. மூன்றுமே வால்வை விட்டு வேறு இடத்தைக் காட்டுகின்றன. மூன்றாவதை நீங்கள் நல்ல செய்தி என்று நினைத்துக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மற்ற இரண்டையும் விட அதுதான் முக்கியமாகப்பட்டது.

முதலில் ஸ்கேனர் காட்டிய அந்தப் பழுதுக் குறியீடு, மெக்கானிக்குகள் சொல்கிற 'கோடு'. பி0401 என்றால் ஈஜிஆர் வழியே வர வேண்டிய அளவு புகை வரவில்லை என்று பொருள். அதிகமாக வந்தால் பி0402 வரும். உங்கள் கார் "எனக்குப் போதவில்லை" என்று சொல்கிறது. அதற்கு வைத்தியமாக, வருகிற கொஞ்சத்தையும் நிறுத்தலாம் என்கிறார் மெக்கானிக். தகடு வைத்த மறுநாளும் இதே பி0401தான் வரும். அதனால்தான் ஈசியுவிலும் ஆஃப் பண்ண வேண்டும் என்று சேர்த்தே சொல்கிறார். ஆஃப் செய்தால் விளக்கு எரியாது. விளக்கு எதைக் காட்ட எரிந்ததோ அது அப்படியே இருக்கும்.

ஈஜிஆர் என்ன செய்கிறது என்று புரிந்துவிட்டால் மற்றது எளிது. இன்ஜினை விட்டு வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்டேக்குக்கு, அதாவது காற்று உள்ளே போகும் வழிக்குத் திருப்பிவிடுகிற குழாய், அதை அளந்துவிடுகிற வால்வு, பெரும்பாலான டீசல்களில் நடுவே ஒரு கூலர். அவ்வளவுதான் அமைப்பு. எரிந்து முடிந்த புகையை ஏன் மறுபடி உள்ளே விட வேண்டும்? காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன். அதோடு புகை கலந்தால் ஆக்ஸிஜனின் பங்கு இறங்குகிறது. புகையிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடும் நீராவியும் சூட்டை நிறைய வாங்கிக்கொள்கின்றன. சிலிண்டருக்குள் சுவாலையின் உச்ச வெப்பம் இதனால் குறைகிறது. அந்த வெப்பம் சுமார் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, காற்றில் சும்மா இருக்கும் நைட்ரஜன் ஆக்ஸிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடுகளாக மாறத் தொடங்குகிறது. வெப்பம் ஏற ஏற அது வேகமாகப் பெருகும். நுரையீரலை அரிப்பதும், வெயிலில் தரைமட்ட ஓசோன் உருவாகக் காரணமாவதும் அதுதான். அதை உருவாகும் இடத்திலேயே தடுக்கிற வேலை இந்த வால்வுடையது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க பெட்ரோல் கார்களில் வந்த இந்த ஏற்பாடு, டீசலுக்கும் டர்போவுக்கும் பின்னால் பரவியது.

"பவர் கூடும்" என்கிற பேச்சுக்கு வருகிறேன். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் உங்கள் டீசலில் ஈசியு ஈஜிஆர் வால்வை மூடிவிடும். முழு டீசலை எரிக்க முழுக் காற்று வேண்டும், அங்கே புகைக்கு இடமில்லை. வால்வு திறந்திருப்பது ஐடிலிலும், மிதமான வேகத்தில் லேசான மிதியில் போகும்போதும்தான். ஆகவே, முழுச் சக்தி தேவைப்படும் நேரத்தில் அந்த வால்வு ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது. தகடு அங்கே புதிதாக எதையும் மூடப்போவதில்லை. அடைத்த பிறகு உச்ச சக்தி கூடியதாகச் சொல்பவர்களின் காரில் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: வால்வு முன்பு திறந்த நிலையில் மாட்டிக்கொண்டிருந்து அது இப்போது சரியாகியிருக்கும், அல்லது ஈசியுவின் மென்பொருளை மாற்றுகிற ரீமேப்பில் டீசலையும், டர்போ தரும் காற்றழுத்தமான பூஸ்ட்டையும் சேர்த்தே ஏற்றியிருப்பார்கள்.

மெக்கானிக் சொல்வதில் ஒரு துளி உண்மையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. உங்கள் மாதிரி கார்களில் ஈஜிஆருக்கான புகை பெரும்பாலும் டர்போவுக்கு முன்பிருந்தே எடுக்கப்படுகிறது. அந்தப் புகை டர்போவின் டர்பைனைச் சுழற்றாமல் போய்விடுகிறது. லேசான மிதியிலிருந்து திடீரென அழுத்தும்போது வால்வு மூடி, டர்போ சுழல் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அடைத்தால் அந்த நொடியில் ஒரு சின்ன முன்னேற்றம் தெரியலாம். கால் உணர்கிற அளவுக்கு இருக்கலாம், அதற்கு மேல் இல்லை. ஆனால் உங்கள் மந்தத்துக்குக் காரணம் அது அல்ல என்று உங்கள் காரே சொல்கிறது. ஓட்டம் குறைவாக இருக்கிறது என்று கோடு வந்திருக்கும்போது, ஓட்டம் அதிகமாகி மூச்சு முட்டுகிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

அடுத்து அந்தக் கரும்புகை. அழுத்திக் கிளப்பும்போது வருகிற கரும்புகை என்றால் டீசலுக்கேற்ற காற்று சிலிண்டருக்குள் இல்லை. ஈஜிஆர் ஓட்டமே குறைவு என்றால் காற்று எங்கே போனது? நான் முதலில் பார்க்கும் இடம் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (டர்போ அழுத்திய காற்றை ஆற்றும் பாகம்), இன்டர்கூலரிலிருந்து இன்டேக்குக்கும் போகிற ரப்பர் ஹோஸ்கள். 1,18,000 கிலோமீட்டரில் இவை விரிசல் விடுவது மிகச் சாதாரணம். இன்ஜின் சும்மா ஓடும்போது விரிசல் மூடிக்கொண்டிருக்கும். பூஸ்ட் ஏறியதும் வாய் திறந்து காற்றை வெளியே தள்ளும். "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கேட்கும், கண்ணாடி ஏற்றியிருந்தால் அதுவும் கேட்காது. இன்ஜின் ஆறிய பிறகு ஹோஸின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஹோஸின் உள்ளே எப்போதும் கொஞ்சம் ஆயில் ஈரம் இருக்கும். விரிசல் இருக்கும் இடத்தில் அது வெளியே வந்து தூசியைப் பிடித்து ஒரு கருத்த திட்டாக ஒட்டியிருக்கும். கிளாம்பை ஒட்டி ஒரு விரல் தூரத்துக்குள்தான் பெரும்பாலும் கிழியும். அங்கே ஹோஸை வளைத்துப் பாருங்கள், நேராக இருக்கும்போது தெரியாதது வளைக்கும்போது பிளக்கும்.

இந்த ஒரு விரிசல் பி0401-ஐயும் கொண்டுவரும். பல டீசல் கார்களில் ஈசியு ஈஜிஆர் ஓட்டத்தை நேரடியாக அளப்பதில்லை. ஏர் ஃபில்டருக்குப் பக்கத்திலிருக்கும் காற்று அளவு சென்சாரைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. வால்வைத் திறந்தால் உள்ளே புகை வரும், அந்த அளவுக்குப் புதுக்காற்று குறைய வேண்டும். குறைந்தால் ஓட்டம் சரி. சென்சாரைத் தாண்டிய பிறகு ஹோஸ் கிழிந்திருந்தால், இன்ஜினுக்குப் போகிற காற்றோடு வெளியே ஓடிப்போகிற காற்றும் சேர்ந்து சென்சாரைக் கடக்கிறது. காற்று குறையவே இல்லை, ஆகவே ஈஜிஆர் வேலை செய்யவில்லை என்று ஈசியு முடிவுக்கு வருகிறது. குற்றம் ஹோஸில், பழி வால்வில். வால்வை எத்தனை முறை கழற்றிக் கழுவினாலும் இது தீராது.

இதைப் பிரித்தறிய ஒரு சோதனை இருக்கிறது. ஸ்கேனர் வைத்திருக்கும் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் பத்து நிமிட வேலை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் விட்டு, ஒரு ஸ்ட்ரோக்குக்கு எத்தனை மில்லிகிராம் காற்று என்று வரும் எண்ணைப் பாருங்கள். நான்கு சிலிண்டர் 1.5 லிட்டர் என்றால் ஒரு சிலிண்டர் 375 மில்லிலிட்டர்; அதில் வெறும் காற்று மட்டும் போனால் எண் 400-ஐ ஒட்டி நிற்கும். ஈஜிஆர் திறந்து ஒழுங்காக ஓடினால் அது 250 பக்கம் இறங்க வேண்டும். ஸ்கேனரிலிருந்தே வால்வைத் திறந்து மூடும் வசதி இருந்தால் இன்னும் நல்லது, எண் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும். வால்வு திறந்ததாகக் காட்டியும் எண் 400-லேயே நின்றால் வழி அடைத்திருக்கிறது. ஐடிலில் எண் நன்றாக இறங்கி, ஓட்டும்போது மட்டும் கோடு வந்தால் ஹோஸ் மேல் சந்தேகம் வலுக்கிறது. ஒரு எச்சரிக்கை: நிறைய நேரம் ஐடிலில் விட்டால் பல ஈசியுக்கள் தாமாகவே ஈஜிஆரை மூடிவிடும். அதைப் பார்த்துவிட்டு வால்வு போச்சு என்று தீர்ப்பு எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். லேசாக ஒரு முறை ரேஸ் கொடுத்துவிட்டு மறுபடி எண்ணைப் பாருங்கள்.

இப்போது அந்த டெம்பரேச்சர் முள். டீசல் இன்ஜின் முழுச் சூட்டில் கூலன்ட் 85 முதல் 90 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் அப்போது முள் நட்டநடுவில் நிற்கும். உங்களுடையது பாதிக்குக் கீழே நிற்கிறது என்றால் இன்ஜின் சூடாகும் வரை கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் மாட்டியிருக்க வாய்ப்பு மிக அதிகம். இன்ஜின் சூடாகும் முன்பே தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறி வருகிறது. நாம் எல்லோரும் இன்ஜின் சூடாகிவிடுமோ என்றே பயந்து பழகியதால், ஆறியே ஓடும் இன்ஜினும் நோயாளி என்பது தோன்றுவதில்லை. ஆறிய இன்ஜினில் டீசல் முழுதாக எரியாது, கரி அதிகம். ஈஜிஆர் கூலரின் சுவரும் குளிர்ந்திருப்பதால், எரியாத டீசல் ஆவி அதில் படிந்து பசையாகிறது, கரித்துகள் அந்தப் பசையில் வந்து ஒட்டுகிறது. உங்கள் வால்வு நான்கே மாதத்தில் மறுபடி அடைத்ததற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. போதாததற்கு நீங்கள் ஒரு வழியில் ஓட்டுவது ஆறு கிலோமீட்டர். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தாலே இன்ஜின் சூடாகி முடிப்பதற்குள் அலுவலகம் வந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஈஜிஆர் கூலர் புகையின் சூட்டைக் கூலன்டுக்குக் கொடுக்கிறது. அதை அடைத்தால் இன்ஜின் சூடேற இன்னும் நேரமாகும். லேசான மிதியில் எக்ஸாஸ்டின் வெப்பமும் இறங்கும், ஏனென்றால் அதே டீசலோடு தேவைக்கு மேல் குளிர்ந்த காற்று சேர்ந்து போகிறது. உங்கள் காரில் டிபிஎஃப் (எக்ஸாஸ்டில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) இருந்தால், அது கரியைத் தானே எரித்துச் சுத்தமாக எக்ஸாஸ்டின் சூட்டைத்தான் நம்பியிருக்கிறது. இன்ஜின் போதிய சூட்டுக்கு வராவிட்டால் பல கார்களில் அந்தச் சுத்திகரிப்பு தொடங்கவே தொடங்காது. ஏற்கெனவே குளிரில் நடுங்கும் இன்ஜினின் போர்வையை உருவுகிற மாதிரி ஆகிவிடும்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க ஸ்கேனர்கூட வேண்டாம். காலையில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கை தள்ளியே இருக்கட்டும். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் ஹோஸ் பல நிமிடம் குளிர்ந்தே இருந்துவிட்டு, பிறகு சட்டென்று சூடாகும். முதல் நிமிடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பு ஏறினால் அது திறந்தே கிடக்கிறது. அது ஒரு சின்னப் பாகம். அதை மாற்றாமல் வால்வைத் தொட வேண்டாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு வால்வைச் சுத்தம் செய்வதற்கு வருகிறோம், ஏனென்றால் ஆறு மாத அசட்டையில் அங்கேயும் நிச்சயம் கரி ஏறியிருக்கும். போன முறை மெக்கானிக் வால்வை மட்டும் துடைத்திருப்பார் என்று ஊகிக்கிறேன். வால்வு கதவு மாதிரி. அடைப்பு பெரும்பாலும் கதவுக்கு அந்தப் பக்கம், கூலரிலும் இன்டேக் மேனிஃபோல்டின் வாயிலும் இருக்கும். பல வருடம் சுத்தமே காணாத ஒரு டீசலின் மேனிஃபோல்டைக் கழற்றி மேசையில் வைத்தால், காற்று போகிற வட்டத்துக்குள் கட்டைவிரல் நுழையாது. கரி என்றதும் அடுப்புக் கரி மாதிரி உலர்ந்த தூளை நினைக்காதீர்கள். ரோடு போடுகிற தார் ஆறிய பிறகு எப்படி இருக்குமோ அப்படி, ஸ்க்ரூடிரைவரால் கிளறினால் கட்டியாகப் பெயர்ந்து வரும். ஈஜிஆர் தருவது பெரும்பாலும் உலர்ந்த கரியைத்தான். அதைத் தாராக்குவதில் பெரும்பங்கு கிராங்க்கேஸ் பிரீதர் (இன்ஜினின் அடிப்பகுதி ஆவியை இன்டேக்குக்கு விடும் குழாய்) வழியே வருகிற ஆயில் ஆவிக்கு. எனவே வால்வைக் கழற்றியதும் துடைக்காதீர்கள், முதலில் விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உலர்ந்து சாம்பல் கலந்த கருப்பாக விரலில் ஒட்டினால் பரவாயில்லை. ஈரமாகப் பளபளவென்று இருந்தால் பிரீதரில் உள்ள ஆயில் பிரிப்பான் அடைத்திருக்கிறது, அல்லது டர்போ ஆயில் கசியவிடுகிறது. அதைச் சரிசெய்யாமல் மாட்டினால் அடுத்த நான்கு மாதத்தில் மறுபடி எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

சுத்தம் செய்யும்போது செய்கிற தவறுகள் சில. எலக்ட்ரிக் வால்வை அப்படியே கிளீனரில் முக்கி வைப்பார்கள். மோட்டாரும் பொசிஷன் சென்சாரும் அங்கேயே செத்துவிடும். துவாரம் கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டுதான் கிளீனர் அடிக்க வேண்டும், ஊறவிட்டு நைலான் பிரஷால் தேய்க்க வேண்டும். திறக்கிறதா என்று பார்க்க ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள், பல வால்வுகளின் உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பல்சக்கரம். கேஸ்கெட் புதியது போட வேண்டும். பழையதைத் திருப்பிப் போட்டால் அங்கே புகை கசிந்து இன்ஜின் ரூம் முழுக்கக் கரி படியும். மாட்டிய பிறகு ஸ்கேனரில் வால்வின் மூடிய நிலையை மறுபடி கற்றுக்கொடுக்கும் அடாப்டேஷன் செய்ய வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு "கிளீன் பண்ணியும் சரியாகலை" என்று சொல்வது அடிக்கடி நடக்கிறது. மேனிஃபோல்டைக் கழற்றாமல் ஓடுகிற டீசலின் இன்டேக்கில் ஸ்ப்ரே அடிப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள். அந்தத் திரவமே எரிபொருளாகி இன்ஜின் கட்டுப்பாடில்லாமல் ரேஸ் ஆகலாம். பெயர்ந்த கட்டி சிலிண்டரின் வால்வு சீட்டில் மாட்டினால் செலவு வேறு மாதிரி ஆகிவிடும்.

தகடு போட்ட கார்கள் என் மேசைக்கு வராமல் இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு டீசல் காரில் கூலன்ட் குறைந்துகொண்டே இருந்தது. ஓட்டியவர் அரை வருடமாக மாதம் ஒரு முறை ஊற்றிக்கொண்டு வந்தார். வெளியே எங்கேயும் சொட்டு இல்லை, ஆயிலிலும் தண்ணீர் இல்லை. ஈஜிஆரைக் கழற்றினால் நடுவே ஒரு மெல்லிய இரும்புத் தகடு. ஓரம் தீய்ந்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதற்குப் பின்னால் ஈஜிஆர் கூலர். உள்ளே வெடித்து, கூலன்ட் கசிந்து வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. தகடு போட்டதால் கூலருக்கு ஓய்வு கிடைத்துவிடாது. ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் அதைச் சுட்டுக்கொண்டே இருக்கும், மறுபக்கம் கூலன்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டம் மட்டும் நின்றிருக்கும். கசிவை முன்கூட்டியே காட்டியிருக்கக்கூடிய எல்லா அறிகுறியையும் அந்தத் தகடு மறைத்துவிட்டது, எச்சரிக்கை விளக்கை ரீமேப் மறைத்துவிட்டது. கூலர் கசிவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2018-இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் ஈஜிஆர் கூலர் கசிந்து தீப்பிடிக்கும் அபாயம் காரணமாக லட்சக்கணக்கான டீசல் கார்களைத் திரும்ப அழைத்தது.

ரீமேப் செய்பவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "ஈஜிஆர் இல்லாத காற்றுக்கு ஏற்றபடி இன்ஜெக்‌ஷன் நேரத்தையும் டர்போ இதழ்களின் நிலையையும் திருத்துவீர்களா, கோடுகளை மட்டும் ஆஃப் செய்வீர்களா?" புகை முழுக்க டர்பைனுக்கே போனால் பூஸ்ட் பழைய கணக்கைத் தாண்டக்கூடும். அதை ஓட்டிப் பார்த்துத் திருத்துகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் வைத்திருப்பது ஒரு ஆயத்த ஃபைல். அதில் ஈஜிஆர் கோடு மட்டுமல்ல, அதைச் சார்ந்த வேறு பல எச்சரிக்கைகளும் அணைக்கப்பட்டிருக்கும். நடுவில் சின்ன ஓட்டை போட்ட தகடு வைத்து ஈசியுவை ஏமாற்றுகிற வழியும் புழக்கத்தில் இருக்கிறது. அது ஈசியுவை ஏமாற்றுகிறது, கூலரையும் கரியையும் அல்ல.

உங்கள் நண்பரின் பெட்ரோல் கார் எனக்கு உங்கள் காரைவிடக் கவலை தருகிறது. பல டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் தனி ஈஜிஆர் வால்வே கிடையாது. சிலிண்டரின் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றியே உள்ளுக்குள் கொஞ்சம் புகையை நிறுத்திக்கொள்வார்கள். அவருடையதில் தனி வால்வு இருந்து அதை அடைத்திருந்தால் விஷயம் இதுதான். புகை கலந்த பெட்ரோல் மெதுவாக எரியும். அதற்காக ஈசியு ஸ்பார்க்கைச் சில டிகிரி முன்கூட்டியே கொடுக்கிறது. தகடு வைத்தால் எரிதல் வேகமாகிவிட்டது, ஆனால் ஈசியுவின் கணக்கில் ஸ்பார்க் இன்னும் முன்கூட்டியேதான். மிதமான வேகத்தில் மேடேறும்போது டப்பாவில் கோலி உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், அதுதான் நாக்கிங், பெட்ரோல் ஒழுங்கு தவறி வெடித்து எரிவது. நாக் சென்சார் இருந்தால் ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுத்துச் சமாளிக்கும், அப்போது மைலேஜ்தான் அடிவாங்கும். சென்சார் இல்லாத பழைய டர்போ கார்களில் பிஸ்டனில் ரிங் உட்காரும் மெல்லிய வரப்பு உடைந்துபோகும். அதோடு, பெட்ரோலில் ஈஜிஆர், காற்றை அளந்துவிடும் கதவான த்ராட்டிலைச் சற்று அகலத் திறந்து ஓடவிடுகிறது. காற்றை இழுக்க இன்ஜின் படும் பாடு குறைந்து எரிபொருள் மிச்சமாகிறது. அடைத்தால் அந்த மிச்சமும் போயிற்று. டர்போவுக்கு ஈஜிஆர் ஆகாது என்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி: மாஸ்டா 2016-இல் வெளியிட்ட 2.5 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினில், கூலரில் ஆற்றிய ஈஜிஆரைச் சேர்த்திருப்பதே நாக்கிங்கை அடக்கத்தான். உங்கள் நண்பரிடம் நான் கேட்டதாகக் கேளுங்கள்: மேட்டில் லேசான மிதியில் ஏறும்போது கோலி சத்தம் கேட்கிறதா? கேட்டால் தகட்டைக் கழற்றச் சொல்லுங்கள்.

புகையைப் பற்றிப் பேசாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஈஜிஆரை அடைத்த டீசலின் பின்னால் கரும்புகை குறையும், அதைப் பார்த்து வண்டி சுத்தமாகிவிட்டது என்று நம்புவார்கள். கரி குறைந்தது உண்மை. அதற்கு மாற்றாக நைட்ரஜன் ஆக்ஸைடுகள் ஏறியிருக்கும், பின்னால் நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. ஃபோக்ஸ்வாகன் விவகாரம் நினைவிருக்கலாம். 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை வெளிக்கொண்டுவந்தது. சோதனைச்சாலையில் மட்டும் மாசுக் கட்டுப்பாட்டை ஒழுங்காக நடத்தி, ரோட்டில் அதைத் தளர்த்திவிடுகிற மென்பொருள். ரோட்டில் சில கார்கள் அனுமதித்த அளவைப் போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்ஸைடுகளை வெளியிட்டன. அந்த மென்பொருள் உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்களில் இருந்தது. ரோட்டில் ஓடும் காரில் மாசுக் கட்டுப்பாட்டை முடக்குவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் காற்றை முதலில் இழுப்பது சிக்னலில் உங்கள் பின்னால் டூவீலரில் குழந்தையை முன்னால் உட்காரவைத்து நிற்பவர். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் நைட்ரஜன் டை ஆக்ஸைடுக்கான ஆண்டு சராசரி வழிகாட்டு அளவை ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமிலிருந்து 10-ஆக இறக்கியது. அத்தனை சிறிய அளவே உடம்பைத் தொடுகிறது என்பதால்தான்.

வால்வு பழுதாகியே போயிருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மாற்றிவிடுங்கள். இங்கே ஒரு தயக்கமும் வேண்டாம். ஆனால் பொசிஷன் சென்சார் சரியாக எண் காட்டி, ஸ்கேனர் சொன்னபடி வால்வு திறந்து மூடினால் அது பழுது இல்லை. கரி பிடித்ததெல்லாம் பழுது இல்லை.

ஓட்டும் விதத்தில் ஒரு மாற்றம் செய்யுங்கள். அலுவலக ஓட்டத்தைத் தவிர, வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் நீளமாக ஓட்டுங்கள். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு ஒரு கியர் குறைத்து 2,500 ஆர்பிஎம் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இது ஏற்கெனவே தாராக இறுகியதைக் கரைக்காது, அப்படிச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். புதிதாக ஏறுவதைக் குறைக்கும். 1,300, 1,400 ஆர்பிஎம்மில் பெரிய கியரில் இழுக்கவைத்து மைலேஜ் சேர்ப்பதையும் விட்டுவிடுங்கள். அந்த நிலையில்தான் ஈஜிஆரும் அதிகம், கரியும் அதிகம்.

நாளைக் காலை ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் மாற்றிய பிறகு இன்டர்கூலர் ஹோஸ்களை அடிப்பக்கம் வரை பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் பிறகுதான் வால்வும் கூலரும் மேனிஃபோல்டும். இடையில் எனக்கு இரண்டு எண் வேண்டும்: அரை மணி நேரம் ஓட்டிய பின் ஸ்கேனரில் கூலன்ட் எத்தனை டிகிரி, சூடான ஐடிலில் ஒரு ஸ்ட்ரோக்குக்குக் காற்று எத்தனை மில்லிகிராம். தெர்மோஸ்டாட் மாற்றும் முன் ஒரு முறை, மாற்றிய பின் ஒரு முறை எடுத்து எழுதி அனுப்புங்கள். அதை வைத்து மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டுமா, வேண்டாமா என்று சொல்கிறேன்.